கூட நிற்கும் நாட்கள்

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் யாரும் பொய் சொல்வதில்லை. ஆசையைச் சொல்வார்கள். வெள்ளையடிக்க வருகிறவர் நான்கு நாள் என்பார், அது அவர் ஆசை. தையல்காரர் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார், அதுவும் ஆசைதான். அந்த ஆசையைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்துவருகிறேன், மோசமாகச் செய்ததில்லை.

நேற்று நீங்கள் என் வாக்குமூலத்துக்கு அரை மணி நேரம் போதும் என்றீர்கள். போதாது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் இந்தத் தட்டச்சர் ஒரு தடவை எழுந்து போவார், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அலுவலகத்தில் எனக்கு 'அரைநாள்' என்று பட்டப்பெயர். எந்தக் கணக்கை முடித்தாலும் கடைசியில் ஓர் அரைநாள் சேர்ப்பேன். யாருக்காவது காய்ச்சல் வரும், கரண்ட் போகும், யாராவது கல்யாணத்துக்குப் போய் ஒரு நாள் கழித்து வருவார்கள். என்னைப் பார்த்தாலே 'அரைநாள் சார் வர்றார், சேரை அரை அடி தள்ளிப் போடு' என்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

மேஜையில் இரண்டு சீட்டுகளை வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் நாற்பது நாள் என்று இருக்கிறது. அது என் கையெழுத்து. இன்னொன்றில் முப்பத்தொன்றரை நாள், என் சகலையின் கையெழுத்து. சலவை ஆலையில் இறந்துபோன அந்த அம்மா படித்தது முப்பத்தொன்றரை நாளில் செய்த பாடத்தை. என் சீட்டில் இருக்கும் மூன்று நாள் அவன் சீட்டில் இல்லை. அந்த மூன்று நாள் இருந்திருந்தால் அந்த அம்மா இன்று உயிரோடு இருப்பார். ஆகவே தப்பு அவனுடையது, ஜெயிலுக்குப் போகவேண்டியவன் அவன் என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டீர்கள். என்னிடம் "நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க சார்" என்றுகூடச் சொன்னீர்கள். அந்தச் சீட்டுகள் எப்படி வந்தன என்று சொல்லத்தான் இன்று நானாக வந்திருக்கிறேன்.

எங்கள் தொழில் உங்களுக்குப் புரிய வேண்டும். பெரிய கடைகள், ஆலைகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் எங்களிடம் வருவார்கள். ஆட்களுக்கு வேலை சொல்லித்தர வேண்டும், சொல்லித்தர ஆள் இல்லை என்பார்கள். அதைக் கணினியில் ஓடும் பாடமாகச் செய்துகொடுப்போம். படம் இருக்கும், குரல் இருக்கும், நடுநடுவே கேள்வி கேட்கும், கடைசியில் பரீட்சை வைத்து மதிப்பெண் போடும். ஒரு மணி நேரம் ஓடுகிற பாடத்தைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? வெளியாட்கள் ஒரு நாள் என்பார்கள். நூற்றைம்பது மணி நேரம் என்றால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார்கள். எழுத வேண்டும், எழுதியதை வேலை தெரிந்தவர் படித்துத் திருத்த வேண்டும், அவர் படிக்காமல் பத்து நாள் வைத்திருப்பார், அப்புறம் முதலிலிருந்து வேறு மாதிரி சொல்லுவார். படம் வரைய வேண்டும், குரல் பதிய வேண்டும், இரண்டு மூன்று தொழிலாளிகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே நாட்களாக எண்ணிச் சொல்வதுதான் மதிப்பீடு. நாளை ஒழுங்காக எண்ணிவிட்டால் செலவு தானாகத் தெரிந்துவிடும்.

என் பட்டியலில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான். கூட நிற்கும் நாட்கள். பாடம் எழுதப்போகிறவர் அந்த வேலை நடக்கிற இடத்துக்குப் போய், வேலை செய்கிறவர் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். ஒரு நாள், அவர்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்வதைக் கேட்க. இரண்டாம் நாள், நிஜமாக எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க. மூன்றாம் நாள், எங்கேயாவது சிக்கிக்கொண்டால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க. பல இடங்களில் இதை வெட்டச் சொல்வார்கள். நான் விட்டதில்லை. காகிதத்தில் இருக்கும் வேலையும் கையில் இருக்கும் வேலையும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் நிறுவனத்தை நடத்தும் மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பீடு போட வேண்டும். பேசிக்கொள்ளக் கூடாது. சீட்டை மடித்து, அவர் மேஜையிலிருக்கும் காலி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். பிறகு இருவர் முன்னாலும் பிரித்துப் படிப்பார். எண்கள் எங்கே வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று பேசித்தான் ஒன்றை முடிவு செய்வார். நல்ல வழக்கம். ஒருவர் எண்ணை இன்னொருவர் முதலில் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அவருக்குச் சொந்த எண் வராது. டப்பாவின் அர்த்தமே அதுதான்.

அந்த இரண்டாவது ஆள்தான் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வேலை போய், வீட்டில் உட்கார்ந்து செடிகளுக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான்தான் மேடத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். பேச்சுக்காரன். அவன் வந்த பிறகு அலுவலகத்தில் டீ ஒரு சுற்று கூடுதலாக ஓடியது. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தவன். இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் அவனைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள், அதனால் சொல்கிறேன்.

முதல் மூன்று வருஷம் அவன் எண்கள் தாறுமாறாக இருந்தன. நான் ஐம்பது என்றால் அவன் இருபது என்பான், நான் இருபது என்றால் அவன் எழுபது. பிறகு மெல்ல மெல்ல ஒரு சீருக்கு வந்தது. என் எண்ணைவிட எப்போதும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மேடம் அவன் எண்ணை எடுக்க ஆரம்பித்தார். வேலையும் பெரும்பாலும் அதற்குள் முடிந்தது. முடியாதபோது விடுமுறை நாட்களில் வந்து முடித்துக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவன் என்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டான் என்று நினைத்தேன். எனக்குப் பயம் அதிகம், கொழுப்பு சேர்த்துக் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்தேன். வீட்டில் என் பழைய கணக்குகளை எடுத்துவைத்து, எங்கே அதிகமாகப் போட்டேன் என்று தேடுவேன். கிடைக்காது. கிடைக்காததே என் குறை என்று தோன்றும். ஒரு மனுஷன் தன் கண்ணையே நம்பாமல் எட்டு வருஷம் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

போன வருஷத் தொடக்கத்தில் மதிப்பீட்டுப் பிரிவுக்கு அவனைத் தலைவனாக்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கொழுந்தியாள் என் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "அத்தான், இனிமே லீவு வேணும்னா இவர்கிட்டதான் கேக்கணும், பாத்து நடந்துக்குங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்காமல், "அவருக்குத் துணிச்சல் இருக்கு. உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அரைநாள் வேணும்" என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. சாம்பாரை நகர்த்துவது போலச் சொன்னாள். சகலை மட்டும் என் தோளில் கைபோட்டு, "சும்மா இருங்க, எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்ததே சகலைதான்" என்றான்.

அது எவ்வளவு உண்மை என்று எனக்கு இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

ஒரு கடைக்காக, கல்லாவில் உட்காருபவர்களுக்குப் பாடம் செய்ய வேண்டியிருந்தது. பட்டியலில் பதிமூன்று பாடம். மதிப்பீடு போடும் அன்று காலையில் அந்தக் கடையிலிருந்து என்னை மட்டும் போனில் கூப்பிட்டு, உடைந்த பொருளைத் திருப்பி வாங்குவது பற்றி இன்னொரு பாடம் சேருங்கள் என்றார்கள். சகலையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்துபோனேன். மேடம் டப்பாவைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஐயோ, அவன் எண் தப்பாக வருமே, என்னால் அவனுக்கு அவமானமாகிவிடுமே என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மேடம் அவன் சீட்டைப் படித்துவிட்டார். "பதினாலு பாடம். ஐம்பது நாள்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் சீட்டில் பதினாலு பாடம், ஐம்பத்தாறு நாள்.

அன்று மாலை கோப்பு அறையில் பழைய சீட்டுகளை எடுத்தேன். எட்டு வருஷத்து வேலைகள், மொத்தம் இருபத்துமூன்று. என் எண்ணில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பார்த்தேன். இருபத்துமூன்றிலும் அவன் எண் வந்தது. ஒன்றிரண்டில் அரைநாள் முன்னே பின்னே. நான் எப்போதும் எதிர்பாராத தாமதத்துக்கென்று பத்தில் ஒரு பங்கைத் தனி வரியாகக் காட்டுவேன். அவன் செய்ததெல்லாம் அந்த வரியை வெட்டியதுதான். நான் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதுகிறவன், தாள்கட்டில் அடுத்த தாளிலும் பள்ளம் விழும். மேல் தாளைக் கிழித்துப் படி எடுத்துக்கொண்டு தாள்கட்டை டிராயரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது என் பழக்கம். டிராயரைத் திறந்து பார்த்தேன். அடுத்த தாள் லேசான சாம்பல் நிறத்தில் இருந்தது, மூலையில் அழிரப்பர் துகள். பென்சிலால் தேய்த்து, படித்துவிட்டு, அழித்திருக்கிறான். எட்டு வருஷமாக அந்தத் துகளை நான் ஊதித் தள்ளிவிட்டு எழுதியிருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. கோபம் இல்லை, அழுகைதான். பதவி போகட்டும். என்னைவிடத் திறமையானவனிடம் தோற்றேன் என்று நம்பி நான் அமைதியாக இருந்தேன். அந்த அமைதியையும் அவன் எடுத்துக்கொண்டான். கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அவனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவனாகச் சொல்வான் என்று காத்திருந்தேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தேன். ஐந்திலும் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஜோக் சொல்லிவிட்டுப் போனான்.

ஆறாவது வாரம் சலவை ஆலை வந்தது.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற பெரிய ஆலை. முதல் தடவை போய்ப் பார்த்துவருவது என் பொறுப்பு, தனியாகத்தான் போனேன். துவைத்த துணியைப் பிழியும் இயந்திரம் அப்படியே ஒரு வட்டப் பாறை மாதிரி அழுத்தி வெளியே தள்ளும். அந்தப் பாறையை ஒரு வண்டி தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, உலர்த்தும் இயந்திரங்களில் எது காலியோ அதில் கொட்டும். ஓட்ட ஆள் கிடையாது. உலர்த்தி கூப்பிட்டால் வண்டி போகும், அவ்வளவுதான். அங்கே அதற்கு எருமை என்று பெயர். சும்மா நின்றுகொண்டே இருக்கும், திடீரென்று நடக்க ஆரம்பிக்கும்.

வழியில் துணி சிக்கிக்கொண்டால் தண்டவாளத்தைச் சுற்றிய கம்பி வேலிக்குள் போய் எடுக்க வேண்டும். அதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தைத்தான் அவர்கள் கேட்டார்கள். அங்கே ஒரு போர்மேன் இருந்தார். ஆறு வாரத்தில் ஓய்வு பெறப்போகிறவர். ஆலைக்காரர்கள் கொடுத்த வரைபடத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல ஒரு சுவிட்சுதான் இருக்கு சார். ரெண்டு இருக்கு. நாலாவது உலர்த்தி பின்னாடி வந்தது. அதைப் போட்டப்ப எருமைக்கு அந்தப் பக்கச் சுவத்துலேர்ந்து கரண்ட் குடுத்துட்டாங்க. மெயினை அணைச்சா பிழியறது நிக்கும், எருமையும் நின்னுக்கிட்டிருக்கும், செத்த மாதிரி இருக்கும். ஆனா சாகாது. உலர்த்தி கூப்பிட்டா வந்துரும்."

"புதுசா வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாங்க வாயால சொல்லுவோம். நான் சொல்லுவேன், இன்னும் ரெண்டு பேரு சொல்லுவாங்க. மூணு பேருமே ஒண்ணாத்தான் கிளம்பறோம். அதுக்குத்தானே பாடம் போடறாங்க. நீங்க பாத்துச் சேத்துருவீங்கல்ல?"

"சேத்துருவோம்" என்றேன்.

சேர்க்கவில்லை. போய்வந்த அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கும், படித்துப் பாருங்கள். ஏழு பக்கம். எல்லாம் இருக்கிறது, கழிவறை எங்கே என்பதுகூட இருக்கிறது. அந்தச் சுவிட்ச் இல்லை.

சரியான மதிப்பீட்டை அன்று வீட்டிலேயே தனித் தாளில் எழுதினேன். நாற்பது நாள். முதல் வரி, கூட நிற்கும் நாட்கள் மூன்று. நாலாவது வரி, சிக்கல் வந்தால் செய்யவேண்டியதைத் தனியாக எழுத இரண்டு நாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் அலுவலகத்தில், தாள்கட்டில், வழக்கத்தைவிட அழுத்தி இன்னொரு மதிப்பீடு எழுதினேன். இந்த இரண்டு வரியும் இல்லாமல். முப்பத்தைந்து நாள். மேல் தாளைக் கிழித்தேன். தாள்கட்டை டிராயரில் வைத்தேன். சாப்பிடப் போனேன். நிதானமாகச் சாப்பிட்டேன், மோர்கூடக் கேட்டு வாங்கினேன்.

முப்பத்தைந்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பாருங்கள். முப்பத்தொன்றரை.

மேடம் இரண்டு சீட்டையும் பிரித்தபோது சகலை என் முகத்தைப் பார்த்தான். நாற்பது என்று கேட்டதும் அவன் நெற்றி சுருங்கியது. அந்த ஒரு நொடி எனக்கு எட்டு வருஷத்துக்கு ஈடாக இருந்தது என்றால் பொய்யில்லை. இனி அவன் என்ன சொல்லமுடியும்? 'உன் டிராயரில் முப்பத்தைந்துதானே இருந்தது' என்றா? மேடம் கேட்டார், "சார் கூட நிக்கிற நாள் மூணு போட்டிருக்கார், நீங்க ஏன் போடல?" அவன் வரைபடத்தை அவர் பக்கம் நகர்த்தினான். "வரைபடம் தெளிவா இருக்கு மேடம். தேவைப்படாது" என்றான். மேடம் அவன் சீட்டை எடுத்துக்கொண்டார். நான் வாதாடவில்லை. அவர் கேட்டால் வாதாடியிருப்பேன். கேட்கவில்லை.

நீங்கள் கேட்கப்போகிறீர்கள், ஓர் உயிர் போகும் என்று தெரியாதா என்று. நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். தொழில் தெரிந்தவன் முதல் வரி காணாமல் போயிருப்பதைப் பார்த்தாலே பதறுவான், அவன் சொந்தமாக ஒரே ஒரு மதிப்பீடு போட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுக்கு ஒரு பரீட்சை வைத்தேன், அவ்வளவுதான் என்றும் சொல்லிக்கொண்டேன். கடைசியில் பாடத்தை ஓட்டிப் பார்க்கும்போது போர்மேன் பக்கத்தில் நிற்பார், ஒரு சுவிட்சைக் காணோமே என்பார், பாடம் திரும்பிவரும், சகலை எல்லோர் முன்னாலும் முழிப்பான், அதோடு முடிந்துவிடும். இப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கால அட்டவணை போடுகிறவன் நான். போர்மேனின் கடைசி நாள் எது என்று என் குறிப்பில் இருந்தது. ஓட்டிப் பார்க்கும் நாள் எது என்று அட்டவணையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நாள். போர்மேன் முதலில் போய்விடுவார். அட்டவணையைப் போட்டபோதே எனக்குத் தெரியும். மாற்றியிருக்கலாம். மாற்ற ஒரு நிமிஷம் போதும்.

பாடம் முடிந்து ஏழாவது மாதம் அந்த அம்மா இறந்தார். நாற்பத்துநாலு வயது. துணி மடிக்கும் பகுதியில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு இயந்திரத்துக்கு மாறி வந்தவர். மடிப்பக்கா என்று கூப்பிடுவார்களாம். யார் எப்போது பாடம் படித்தார்கள் என்ற பதிவு எங்களுக்கு வரும், அதைப் பார்த்தேன். நாற்பது நிமிஷப் பாடத்தை ஒரு மணி பத்து நிமிஷம் படித்திருக்கிறார். பூட்டுப் போடும் இடத்துக்கு இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார். பரீட்சையில் நூற்றுக்கு நூறு. அன்று துணி சிக்கியதும் பாடத்தில் சொன்னபடியே எல்லாம் செய்தார். மெயினை அணைத்தார், பூட்டைப் போட்டார், பொத்தானை அமுக்கி இயந்திரம் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டார், உள்ளே போனார். நாலாவது உலர்த்தி காலியாகி வண்டியைக் கூப்பிட்டது. சாவி அவர் பையில்தான் இருந்தது என்று உங்கள் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

செய்தி வந்த அன்று மாலை சகலை எங்கள் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தான். கொழுந்தியாள் என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "உன் சீட்டுல அந்த மூணு நாள் இருந்துச்சு சகலை" என்றான்.

"இருந்துச்சு" என்றேன்.

"நான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். இப்போதாவது சொல்லுவான், 'உன் தாள்ல அது இல்லையே' என்று இப்போதாவது வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. நான்தான் செய்தேன் என்று தெரிந்தும் கேட்கவில்லை. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தான், போய்விட்டான்.

நேற்று நீங்கள் அவன் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'அந்த மதிப்பீட்டை நானே சொந்தமாக யோசித்துப் போட்டேன், வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.' நீங்கள் அதை நேர்மை என்றீர்கள். என் மனைவியும் அப்படித்தான் சொல்கிறாள், அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்கிறாள். எனக்கு அந்த வரியைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. சொந்தமாகவாம். ஜெயிலுக்குப் போகும்போதும் என் எண்ணைத் தன் எண் என்று சொல்லிக்கொண்டு போகிறான். இதோ, அன்று கிழித்த மேல் தாள். என் எழுத்து, என் தேதி, முப்பத்தைந்து. சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் வந்தேன், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள் என்றீர்கள்.

பாடம் எழுத ஆரம்பித்து இரண்டாவது வாரம். டீக்கடையில் நானும் அவனும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். அவன் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. ஜோக் எதுவும் சொல்லவில்லை. "சகலை, எனக்கு மனசு ஒப்பல" என்றான். "வரைபடம் பழசு மாதிரி இருக்கு. நாலாவது உலர்த்தியோட நம்பரே வேற கம்பெனி நம்பரா இருக்கு. நானே ரெண்டு நாள் லீவு போட்டுட்டு அங்க போய் நின்னு பாத்துட்டு வந்துரட்டுமா? மேடத்துக்குத் தெரிய வேணாம். நீ என்ன சொல்ற?"

எட்டு வருஷத்தில் அவன் சொந்தமாக யோசித்தது அதுதான் முதல் தடவை. சரியாகவும் யோசித்திருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

"அதெல்லாம் வேணாம் சகலை. அவங்க ஆளு வரைபடத்துல கையெழுத்துப் போட்டிருக்கான்ல? நான்தான் போய்ப் பாத்துட்டு வந்தேனே. ஒண்ணும் இல்ல அங்க."

அவன் என்னை நம்பினான். "நீ சொன்னா சரிதான்" என்று சொல்லி டீக்குக் காசு கொடுத்தான். ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். சுவிட்சை மறைத்தது நான். அவன் போகிறேன் என்றபோது தடுத்தது நான். அந்த அம்மாவைக் கொன்றது நான், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சகலைக்கு நான் துரோகம் செய்தேன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். துரோகம் செய்தவன் அவன்.